கொக்கியை நீட்டியவன்

படுத்து எழுந்தால் போகிற முதுகு வலி இல்லை அது. ஜம்புலிங்கத்துக்கு இருந்தது உலை வலி. பதினோரு வருஷம் நெருப்புக்கு முன்னால் குனிந்து நின்றவனுக்கு வருகிற வலி. நெஞ்சுப் பக்கம் வெந்துகொண்டிருக்கும், முதுகுப் பக்கம் வியர்வை குளிர்ந்து சட்டையோடு ஒட்டும், இரண்டுக்கும் நடுவில் எலும்பு முறுக்கிக்கொள்ளும். ராத்திரி ஷிப்ட் முடிந்து கள்ளிக்குப்பம் வீட்டுக்கு வந்தால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. சுவரைப் பிடித்தபடி அரை மணி நேரம் நிற்பான்.

அந்த வலியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இது இட்டுக்கட்டியது இல்லை. 1984, பொங்கல் முடிந்த வாரம், ஜனவரி 21 சனிக்கிழமை ராத்திரியும் மறுநாளும் நடந்தது. நேரம், இடம் எல்லாம் ஜம்புலிங்கம் சொன்னபடியே எழுதியிருக்கிறது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அவனுடைய வலது உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தவர்கள் அதற்கப்புறம் வாதம் பண்ணியதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். இரும்புச் சாமான்களைச் சூடேற்றிப் பதப்படுத்துகிற எண்ணெய் உலை அங்கே உண்டு. வாரம் முழுக்க எரியும், ஞாயிறு கூட அணைக்க மாட்டார்கள். உலைக்கு முன்னால் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும். அவன் கையில் நாலடி இரும்புக் கொக்கி, பிடியில் சாக்குத் துணி சுற்றியிருக்கும். சாமான் தட்டுகளை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் அதுதான்.

ஷிப்ட் முடிந்தவன் கொக்கியைக் கீழே போட்டுவிட்டுப் போகக் கூடாது. அடுத்து வருகிறவன் கையில் கொடுக்க வேண்டும். பிடி அவன் பக்கம், முனை தன் பக்கம். வாங்குகிறவன் “மாத்திக்கினேன்” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் இவன் வாசல் பக்கம் திரும்பலாம். எந்த நோட்டீஸ் போர்டிலும் இல்லாத சட்டம். ஆனால் அங்கே ஒருவனும் அதை மீறியதில்லை.

ஜம்புலிங்கத்துக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரே ஒரு ராத்திரி, நெருப்பை வேறொருத்தன் கிளற, தான் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். மறுநாள் தண்ணீர் மேல் போக வேண்டும். அவ்வளவுதான். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வழியாகப் போகிற சின்ன லைனில், அதாவது மீட்டர்கேஜில், அப்போது கரி இஞ்சின்தான் ஓடிக்கொண்டிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரி அந்த வருஷம் நிறைந்து கிடந்தது. ரயிலில் போய், ஏரியில் படகு ஏறி, பூந்தமல்லி வழியாக வீடு. ஒரு சுற்று. தனியாக.

பெண்டாட்டி லோகநாயகியிடம் சொல்லவில்லை. சொன்னால், தண்ணீர் பார்க்க வேண்டுமானால் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணிக்கு வரிசையில் நில் என்பாள். சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிறு பகலும் டபுள் ஷிப்ட் என்று பொய் சொன்னான்.

கம்பெனியிலும் சொல்லவில்லை. சனி ராத்திரி ஜம்புலிங்கத்தின் முறை, ஞாயிறு மத்தியான ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் வேம்புலியின் முறை. வேம்புலிக்குத் திங்கட்கிழமை காலை வெள்ளவேட்டில் மகளுக்குக் காதுகுத்து. ஞாயிறு ராத்திரியே அவன் ஊருக்குப் போயாக வேண்டும். ஆகவே இரண்டு பேரும் ராத்திரி ஷிப்டை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஆபீசுக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும். அதனால் ஜம்புலிங்கம் தன்னுடைய பித்தளை டோக்கனை, நாற்பத்தேழாம் நம்பரை, வேம்புலி கையில் கொடுத்தான். கேட்டில் அதை மாட்டிவிட்டு உள்ளே போனால் போதும். ஆணியில் தொங்குகிற நம்பரைத்தான் எழுதிக்கொள்வார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை.

டோக்கனை வாங்கும்போது வேம்புலிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இன்னா மாமே, தனியாவா போற? அரக்கோணத்துல எதுனா சின்ன ஊடு கீதா?”

“போடாங்… நாளிக்கு ராத்திரி கரீட்டா பத்து மணிக்கு வந்துடுவேன். அதுவரிக்கும் உலை உன் பொறுப்பு.”

வேம்புலிக்கு ஒரு கெட்ட பழக்கம். நடுவில் பீடி குடிக்க நழுவிவிடுவான். அதை வைத்துத்தான் ஜம்புலிங்கம் விளையாட்டாக அந்த வார்த்தையைச் சொன்னான்.

“நான் வந்து கொக்கிய கையில வாங்கற வரிக்கும் நகராத. இன்னா?”

“நீ வந்து வாங்கற வரிக்கும் நகர மாட்டேன், போதுமா? போய்ட்டு வா மாமே.”

விளையாட்டுத்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அன்று சாயங்காலம் அம்பத்தூரில் ஏழு ஐந்து லோக்கலில் ஏறினான். அரக்கோணத்தில் எட்டரை. சின்ன லைன் வண்டி ஒன்பது பத்துக்குப் புறப்பட வேண்டியது. பத்து ஐம்பதுக்குத்தான் புறப்பட்டது. அவனுக்கு வருத்தமில்லை. அத்தனை நேரமும் பிளாட்பாரத்தில் இஞ்சின் பக்கத்திலேயே நின்று, ஃபயர்மேன் கரி அள்ளிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் முதுகு வளைகிறது. இன்னொருத்தன் நெற்றி வியர்க்கிறது. பதினோரு வருஷத்தில் அவனுக்கு அவ்வளவு சுகமாக இருந்ததில்லை.

இஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஐந்தாறு பேர் இருந்தார்கள். தக்கோலத்தில் அத்தனை பேரும் இறங்கிப் போனார்கள். மேலே ஒரே ஒரு பல்பு. அதுவும் வண்டி ஓடினால் எரியும், நின்றால் மங்கும்.

தக்கோலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. ஸ்டேஷன் இல்லை. இரண்டு பக்கமும் வயல், பனி. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று முப்பத்தெட்டு.

பல்பு மங்கியது.

இஞ்சின் மூச்சு விடுகிற சத்தம். புஸ்ஸ்… புஸ்ஸ்… அதற்கு நடுவில் வேறு ஒரு வாசனை. கரிப் புகை இல்லை. எண்ணெய். உலை எண்ணெய். காய்ந்த எண்ணெயும் சூடான இரும்பும் சேர்ந்த நாற்றம். அவன் சட்டையிலிருந்தே வருகிறது என்று நினைத்துக்கொண்டான். துவைத்த சட்டைதான் போட்டிருந்தான்.

இஞ்சின் பக்கமிருந்து யாரோ இறங்கி வந்தார்கள்.

கருங்கல் ஜல்லியில் கால் வைத்தால் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. பின்னால் நெருப்பு வெளிச்சம் இருந்ததால் முகம் தெரியவில்லை. உருவம் மட்டும். கையில் நீளமாக ஒரு கம்பி. ஃபயர்மேன் என்றுதான் நினைத்தான்.

உருவம் இவன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது.

கம்பியை மெதுவாகத் தூக்கியது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நீட்டியது…

பிடி இவன் பக்கம். முனை அதன் பக்கம்.

பிடியில் சாக்குத் துணி.

ஜம்புலிங்கத்தின் கை தானாக எழுந்தது. யோசித்து எழவில்லை. பதினோரு வருஷப் பழக்கம். யார் நீட்டினாலும் கை போகும். உள்ளங்கை சாக்குத் துணியைத் தொட்டது… தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பழுத்த இரும்பு.

வாய் உளறியது.

“நாளிக்கித்தானே… நாளிக்கி பத்து மணிக்கு வாங்கிக்கறேன்.”

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

உருவம் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றது.

பிறகு கம்பி பின்னால் போனது.

வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. பல்பு எரிந்தது. எட்டிப் பார்த்தான். தண்டவாளத்தின் ஓரம் ஒருவரும் இல்லை. மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

காஞ்சிபுரத்தில் இறங்கி நேராக இஞ்சினுக்குப் போனான். ஃபயர்மேன் நடுவயது ஆள். கம்பியோடு கீழே இறங்கினீர்களா என்று கேட்டான். அந்த ஆள் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்த தன் கம்பியைக் காலால் தட்டிக் காட்டினார்.

“பத்தடி கம்பிப்பா இது. இத தூக்கினு ராத்திரில வாக்கிங் போவாங்களா?”

அன்று ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தான், தூங்கவில்லை. விடிந்ததும் கையைப் பார்த்தான். உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குக் கொப்புளம். சாக்குத் துணியின் பின்னல் அதில் அப்படியே பதிந்திருந்தது.

நல்லவனாக இருந்தால் அப்போதே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பொய் சொல்லிச் சேர்த்த ஒரு நாள், வீணாக்க மனசு வரவில்லை. தூக்கக் கலக்கம், ஜன்னல் கம்பியில் எங்கேயோ கை பட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பகல் பூராவும் காஞ்சிபுரத்தில் சுற்றினான். இட்லி வாங்கினான், வாயில் வைத்தால் எண்ணெய் நாற்றம். மூன்று மணிக்குப் பூந்தமல்லி பஸ் ஏறி, நாலே முக்காலுக்குச் செம்பரம்பாக்கத்தில் இறங்கினான்.

கரையில் நாகப்பன் என்று ஒரு மீன்காரர், வலையை உதறிக்கொண்டிருந்தார். நடு ஏரி வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும்படி ஜம்புலிங்கம் கேட்டான். கறாரான ஆள். பேரத்துக்கு இடம் கொடுக்காமல் ஒத்துக்கொண்டார். இரண்டு பேருக்கான காசு கேட்டார். போய் வருகிற இரண்டு தடவைக்குச் சேர்த்துக் கேட்கிறார் என்று இவன் நினைத்துக் கொடுத்துவிட்டான்.

ஐந்து பத்துக்குப் படகு கிளம்பியது. முதல் பதினைந்து நிமிஷம் சொர்க்கம். தண்ணீர், தண்ணீர், எங்கே பார்த்தாலும் தண்ணீர். கொப்புளக் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டான். முதுகு வலி கூட விட்டிருந்தது.

நாகப்பன் மட்டும் சிரமப்பட்டார். துடுப்பு கனக்கிறது என்று முனகினார். படகு விளிம்பு தண்ணீருக்கு இரண்டு விரல் மேலேதான் இருந்தது. ஓர் ஆளுக்கு இவ்வளவு அமுங்காது.

நடு ஏரி. காற்று நின்றது. வெயில் சிவந்திருந்தது.

நாகப்பன் துடுப்பை நிறுத்தினார். இவனைப் பார்க்கவில்லை. இவனுக்குப் பின்னால் பார்த்தார்.

“ஏம்பா… கூட வந்தவர உட்காரச் சொல்லு. நின்னுகினே வந்தா படகு கவுந்துடும்.”

ஜம்புலிங்கம் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

முதுகில் சூடு அடித்தது. எப்போதும் நெஞ்சில் அடிக்கிற சூடு… இப்போது முதுகில்.

எண்ணெய் நாற்றம்.

தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில், ஏதோ நீண்டு வந்தது. கடைக்கண்ணில் சாக்குத் துணி தெரிந்தது.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

“பத்து மணிக்கு,” என்றான். உதடுதான் அசைந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திடீரென்று…

படகு மேலே எழுந்தது. ஒரு சாண்.

தண்ணீரில் சத்தமே இல்லை.

நாகப்பன் துடுப்பை மறுபடி பிடித்தார். துடுப்பு விளிம்பில் பட்டு, டக்… டக்… டக்…

“எறங்கிட்டாரு,” என்றார்.

சுற்றிலும் இருபதடி ஆழத் தண்ணீர்.

மணி ஐந்து முப்பத்திரண்டு.

நாகப்பன் படகைக் கரைக்குத் திருப்பினார். கரையில் இறங்கியதும் நாகப்பன் வாங்கிய காசில் பாதியைத் திருப்பி இவன் சட்டைப் பையில் திணித்துவிட்டு, வலையைக்கூட எடுக்காமல் நடந்துபோய்விட்டார்.

பூந்தமல்லியில் பஸ் மாறி அம்பத்தூரில் இறங்கும்போது எட்டே முக்கால். ஒரே யோசனைதான். வீட்டுக்குப் போய் இரண்டு வாய் சாப்பிட வேண்டும். பத்து மணிக்குக் கேட்டில் நிற்க வேண்டும். வேம்புலியின் தலையில் தட்டி, ரயிலில் கண்டதையும் படகில் கண்டதையும் சொல்லி, அவன் கேலி பண்ணுவதைக் கேட்க வேண்டும். கேலி பண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

தெரு முனையிலேயே கால் நின்றது.

அவன் வீட்டு வாசலில் பந்தல். தெருவில் மிதிபட்ட சாமந்திப் பூ. வாசல் கழுவி ஈரம். வாடகை பெஞ்சில் அவன் கூட வேலை செய்கிற ஆட்கள்.

முதலில் பார்த்தவன் மனோகரன். உலையில் காலை ஷிப்ட்காரன். கையிலிருந்த டீ கிளாஸ் விழுந்தது. பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்தார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. எல்லோரும் பின்னால் போனார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லோகநாயகி வெளியே வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. இவனைப் பார்த்தாள். கத்தவில்லை. அழுது அழுது தொண்டை போயிருந்தது.

“அங்கியே நில்லு,” என்றாள். “உள்ள வராத. உனக்கு செய்யவேண்டியது எல்லாம் செஞ்சிட்டோம்யா. போயிடு.”

அவன் நிஜ ஆள்தான் என்று அவர்களை நம்பவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. மனோகரன்தான் முதலில் துணிந்து வந்து தொட்டுப் பார்த்தான். பிறகு நடந்ததைச் சொன்னான்.

சனிக்கிழமை ராத்திரி பர்னர் அணைந்திருக்கிறது. மறுபடி பற்றவைக்கும்போது நெருப்பு வெளியே பாய்ந்திருக்கிறது. கொட்டகையில் இருந்த மற்ற இரண்டு பேரும் அந்த வாரம் வந்த புது ஆட்கள், உலைக்காரன் யாரென்று தெரியாது, ஓடி வந்துவிட்டார்கள். உலைக்காரனையும் ஓடி வரச் சொல்லிக் கத்தினார்கள். அவன் ஓடவில்லை. வாசல் பக்கம் திரும்பி, கொக்கியை நீட்டியபடி நின்றானாம். யாரோ வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது போல. புகையில் முகம் தெரியவில்லை. வெளியே எடுத்தபோது முகம் என்று ஒன்று இல்லை. பத்து மணிக்குக் கொக்கியை மாற்றிக் கொடுத்தவன் அப்போதே ஊருக்குப் போய்விட்டான். கேட் ஆணியில் தொங்கியது நாற்பத்தேழாம் நம்பர். விடியற்காலையில் லோகநாயகிக்கு ஆள் அனுப்பினார்கள். அவளும் டபுள் ஷிப்ட் என்றுதானே நம்பியிருந்தாள்.

நெருப்பு பாய்ந்தது பதினொன்று நாற்பதுக்கு.

ஆஸ்பத்திரியில் அவன் விரல்களைக் கொக்கியிலிருந்து பிரிக்க முடியவில்லை. கம்பியை அறுத்துவிட்டு, பிடியைக் கையோடு விட்டுவிட்டார்கள். அப்படியேதான் சுடுகாட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஜம்புலிங்கம் என்று பெயர் சொல்லி, ஜம்புலிங்கத்தின் எட்டு வயது மகன் கொள்ளி வைத்தான்.

கொள்ளி வைத்தது எத்தனை மணிக்கு என்று ஜம்புலிங்கம் கேட்டான். ஐந்தரை இருக்கும் என்றார்கள்.

வேம்புலியின் பெண்டாட்டி பொன்னம்மாளும் மத்தியானம் வந்து, லோகநாயகியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருந்தாள். என் ஊட்டுக்காரன் காதுகுத்துப் பணத்தோட எங்க விழுந்து கிடக்கிறானோ, அவன் போயிருக்கக் கூடாதா, உன் புருஷன் மாதிரி உழைக்கிற ஆளா போவணும் என்று சொல்லி அழுதாளாம். அவள் அழுதது யாருக்கென்று அவளுக்குத் தெரியவில்லை. அதை யார் போய்ச் சொல்வது?

அப்போது எஸ்டேட் பக்கம் பத்து மணிச் சங்கு ஊதியது.

ஷிப்ட் மாறுகிற நேரம்.

லோகநாயகி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கொப்புளத்தில் விரல் பட்டு அவன் துடித்தான். அவள் விடவில்லை. உலை அணைந்து கிடக்கிறது, கொட்டகையைப் பூட்டி சாவியைப் போலீசில் கொடுத்துவிட்டார்கள், அங்கே போய் என்ன பண்ணப்போகிறாய் என்று மனோகரனும் சொன்னான்.

ஜம்புலிங்கம் போகவில்லை.

பொன்னம்மாளிடம் போனான். அது வேறு கதை. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை சுடுகாட்டில் எலும்பு பொறுக்கினார்கள், இந்தத் தடவை சரியான பெயரைச் சொல்லி. சாம்பலை இரண்டு முறை சலித்தார்கள். கையில் விட்ட இரும்புப் பிடி அதில் இல்லை.

அதே நாள் பதினோரு மணிக்குப் போலீஸ் வந்து கொட்டகையைத் திறந்தது. மனோகரன் கூட இருந்தான். உலைக்குப் பக்கத்துச் சுவரில் கொக்கி அதன் ஆணியில் மாட்டியிருந்தது. முழுசாக. நாலடி. அறுத்த தடம் இல்லை, ஒட்டுப் போட்ட தடமும் இல்லை. பிடியில் சாக்குத் துணி கருகாமல் இருந்தது. தொட்டுப் பார்த்த கான்ஸ்டபிள் கையை உதறினார்.

இரண்டு நாளாக அணைந்து கிடந்த உலை. கொக்கி மட்டும் சுட்டது.

ஜம்புலிங்கம் அந்தக் கம்பெனி வாசலை மறுபடி மிதிக்கவில்லை. ஆவடியில் அரிசி மண்டியில் மூட்டை தூக்கப் போனான். முதுகு வலி அப்படியே இருந்தது. உள்ளங்கையில் சாக்குப் பின்னல் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரிகளில் பதினொன்று நாற்பதுக்கு அது சூடாகும். அப்போதெல்லாம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வேம்புலிக்கு அவன் ஒரு ஷிப்ட் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை.